உள்ளகக் கட்டடக்கலைக்கு உதவிப் பேராசிரியரைத் தேடும் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

உள்ளகக் கட்டடக்கலைத் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள். ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. இப்பொறுப்பில் இருக்கும் எல்லாக் குழுக்களுக்குமாகவே எழுதுகிறேன். கட்டடங்களின் உட்புறத்தை வடிவமைப்பதைத் தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். அதனூடே மாணவர்கள் வரைந்து வடிவமைத்துப் பழகும் ஸ்டுடியோ வகுப்புகளைப் பகுதிநேரமாக நடத்தியிருக்கிறேன், அவர்களின் வேலையை மதிப்பிடும் ஜூரிகளில் அமர்ந்திருக்கிறேன், சில முறை உங்களைப் போலவே தேர்வுக் குழுவில் வெளி வல்லுநராகவும் இருந்திருக்கிறேன். அப்படி அமர்ந்த ஒரு நாளில் நான் இட்ட கையெழுத்து ஒன்று இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இருவர். முதலாமவர் முனைவர் பட்டம் பெற்றவர். வீடுகளின் உட்புற வரலாற்றைப் பற்றி நல்ல கட்டுரைகள் எழுதியவர். இரண்டாமவர் முதுகலைப் பட்டத்துடன் ஏழெட்டு ஆண்டுகள் தொழில் செய்தவர். ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவை மாற்றியமைத்த வேலையை அவர் எங்கள் முன் விரித்து வைத்தார். டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்குப் படுத்திருக்கிறார். அவ்வளவு நேரமும் அவர் கண் முன் இருப்பது கூரை. அந்தக் கூரையில், அவருடைய கண்ணுக்கு நேர் மேலே, யாரோ விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். இவர் ஒவ்வொரு படுக்கையிலும் தாமே படுத்துப் பார்த்து, கண் கூசும் இடங்களைக் குறித்து, பொது வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, செவிலியர் ஊசி போடும் நேரத்துக்கு மட்டும் தனி விளக்கொன்றை ஏற்பாடு செய்திருந்தார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெளிச்ச அளவை எடுத்திருந்தார். செவிலியர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகளும் இருந்தன. எங்கள் கையில் இருந்த மதிப்பெண் படிவத்தில் ஆய்விதழ்க் கட்டுரை, மாநாட்டுக் கட்டுரை, நூல், நிதி பெற்ற ஆய்வுத் திட்டம் என்று கட்டங்கள் இருந்தன. டயாலிசிஸ் பிரிவுக்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'பிற' என்றிருந்த இடத்தில் ஏதோ ஓர் எண்ணை எழுதினோம். கூட்டிப் பார்த்தபோது முடிவு தானாகவே வந்துவிட்டது; நானும் கையெழுத்திட்டேன்.

தேர்வானவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கும் நாங்கள் நன்மை செய்யவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மறுபாதி. முதல் பருவத்திலேயே இரண்டு ஸ்டுடியோக்கள், ஒரு வரலாற்றுப் பாடம், மாணவர் சேர்க்கைப் பணி, அங்கீகார ஆய்வுக்கான கோப்புகள் எல்லாம் அவர் தலையில் ஏற்றப்பட்டன. எந்த ஆய்வுக்காக அவரை எடுத்தோமோ அந்த ஆய்வைத் தொட அவருக்கு ஒரு மாலைப்பொழுதுகூடக் கிடைக்கவில்லை. கட்டட வேலைத்தளத்தில் நின்ற பழக்கம் இல்லாததால் மாணவர்களின் வரைபடங்களுக்கு முன் தாம் திணறுவதாக அவரே என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் விலகிவிட்டார். ஒரே நாளில் இருவருக்குத் தவறிழைத்தோம். அந்தத் தவற்றின் வேர் நேர்காணலில் இல்லை. அதற்குப் பல மாதங்கள் முன்பே, இந்தத் துறையில் எதை அறிவு என்று கொள்வது என்ற கேள்வியைக் கேட்காமல், வேறு துறைகளுக்கு அச்சடித்த படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டதில் இருந்தது. இம்மடலில் நான் உங்களிடம் கேட்பதெல்லாம் அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்பதுதான்.

உங்கள் குழுவில் பொறியியலிலிருந்தும் கலைப்புலத்திலிருந்தும் நிருவாகத்திலிருந்தும் வந்த உறுப்பினர்கள் இருக்கக்கூடும். உள்ளகக் கட்டடக்கலை என்றதும் திரைச்சீலையும் வண்ணத் தேர்வும் அவர்கள் நினைவுக்கு வந்தால் அது அவர்கள் குற்றமன்று. எங்கள் துறை தன்னை விளக்கிக்கொண்ட விதம் அப்படி. ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் ஆசிரியர் கற்பிக்க வேண்டியது என்ன என்பதைக் கொஞ்சம் பாருங்கள். 1942 நவம்பரில் பாஸ்டனில் கோகோனட் குரோவ் என்னும் இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். கூரையில் கட்டியிருந்த துணியும் செயற்கைத் தென்னைகளும் தீயைப் பரப்பின. சுழல்கதவில் கூட்டம் சிக்கியது. வேறு கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உட்புறமாகத் திறப்பவை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரியில், ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்னும் விடுதியில் 100 பேர் இறந்தபோது, ஒலியைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரைதான் வாணவேடிக்கைப் பொறியைப் பற்றிக்கொண்டது. இரண்டு இடத்திலும் மக்களைக் கொன்றது உள்ளே பூசப்பட்ட, தொங்கவிடப்பட்ட, ஒட்டப்பட்ட பொருள். மரப்பலகைகளின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது; மாணவர் ஒருவர் தம் வரைபடத்தில் 'பலகை' என்று எழுதும்போது எந்தப் பலகை, எந்தப் பசை என்று கேட்பவர் இந்த ஆசிரியர்தான். சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. விட்டம் அளவுக்குத் தரை வேண்டும் என்பதை எண்ணாக மனப்பாடம் செய்விக்காமல், அந்த வட்டத்துக்குள் கதவு திறக்கும்போது என்ன ஆகும் என்று பார்க்க வைப்பவரும் அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. புதுக் கட்டடம் எழுப்புவதைவிட இருக்கும் கட்டடத்துக்குப் புது வாழ்வு கொடுப்பதே இனி கட்டடத் தொழிலின் பெரும்பகுதியாக இருக்கப்போகிறது என்று நான் நம்புகிறேன். சிமென்டையும் எஃகையும் உற்பத்தி செய்தபோது ஏற்கெனவே வெளியேறிவிட்ட கார்பனை வீணாக்காமல் காப்பதற்கு வேறு நேரான வழி இல்லை. பழைய சுவருக்குள் புதிய பயனைப் பொருத்தும் அந்த வேலை உள்ளகக் கட்டடக்கலையின் நடுப்பகுதி. இத்தாலியின் வெரோனாவில் காஸ்தெல்வெக்கியோ கோட்டை அருங்காட்சியகத்தை மாற்றியமைத்த வடிவமைப்பாளர் கார்லோ ஸ்கார்ப்பாவின் வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய சுவரைத் தொடாமல் சற்றே விலகி நிற்கும் தரையின் ஓரம் ஒன்றே ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தப் போதுமானது. அந்த ஸ்கார்ப்பா கட்டடக்கலைஞருக்கான உரிமத்தை வாழ்நாளில் பெற்றவரல்லர். வெனிஸ் கட்டடக்கலைப் பள்ளியில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். 1970களின் தொடக்கத்தில் அதன் இயக்குநராகவும் இருந்தார். உரிமம் தேவையில்லை என்று வாதிட இதைச் சொல்லவில்லை. பணிக்கான விளம்பரத்தில் உரிமத்தைக் கேட்கும்போது, அது சட்டப்படி வேண்டுவதா, அங்கீகார அமைப்பு கேட்பதா, அல்லது பழக்கத்தால் எழுதியதா என்பதைக் குழு தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அறிவுக்கான சான்று பற்றி. இதில்தான் உங்கள் நேரத்தைச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அறை திறந்தபோது அதில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் விழுந்து குழம்பின. பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் அதைச் சரிசெய்யும் வேலையை இயற்பியல் துறையின் இளைய ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார். வாலஸ் சபைன் என்னும் அவருக்கு அப்போது வயது 27. முனைவர் பட்டம் இல்லை, பின்னரும் ஆய்வு செய்து அதைப் பெறவில்லை. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் அறைக்குள் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று காதாலேயே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் இப்படி எத்தனையோ இரவுகள். அறையின் கன அளவுக்கும், அதன் பரப்புகள் ஒலியை உறிஞ்சும் அளவுக்கும், ஒலி நீடிக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை அவர் கண்டடைந்தது 1898-இல். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அந்தக் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டது. இன்றும் ஒலிநலத்துக்குப் பெயர்பெற்ற அரங்குகளில் ஒன்றாக நிற்கிறது. அறை ஒலியியல் என்னும் துறையே அங்கிருந்து தொடங்கியது.

இப்போது உங்கள் படிவத்தை எடுத்து, 1897-ஆம் ஆண்டின் சபைனுக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். இரண்டாண்டு இரவுப் பணி, ஓர் அறை, மெத்தைகள், இதைப் பற்றி அச்சில் இன்னும் எதுவும் வரவில்லை. உங்கள் கட்டங்களில் அவருக்கு என்ன கிடைக்கும்?

உட்புறத்தைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய அறை. வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எங்கே குனிகிறார் என்று நேரமும் அசைவும் அளந்து வரையப்பட்டது அது. நகரத்தின் புதிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தது. அந்த அறையின் அளவு வரைபடமே ஆய்வறிக்கை. ஒரு கேள்வி இருக்கிறது, அளந்த முறை இருக்கிறது, முடிவு இருக்கிறது, பிறர் சோதித்துப் பார்க்கவும் மறுக்கவும் இடம் இருக்கிறது. ஆய்வு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கட்டுரை எழுதுவதை நான் குறைத்துப் பேசவில்லை. எழுதத் தெரியாத ஆசிரியர் தாம் அறிந்ததை அடுத்தவருக்குக் கடத்த முடியாமல் நின்றுவிடுவார். சபைனும் கடைசியில் எழுதினார், எழுதியதால்தான் இன்று அதை எவரும் கணக்கிட முடிகிறது. நான் கேட்பது, வடிவமைத்துக் கட்டிய வேலையும் கேள்வியோடும் சான்றோடும் முன்வைக்கப்படுமானால் அதற்கும் கட்டுரைக்கு இணையான கட்டம் வேண்டும் என்பதே. இது புதுமையான கோரிக்கையும் அன்று. 1990-இலேயே அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளையின் சார்பில் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர், கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் என்னும் நான்கையும் புலமையின் வகைகளாக ஏற்க வேண்டும் என்று எழுதினார். பிரிட்டனின் தேசிய ஆய்வு மதிப்பீட்டில் வடிவமைப்புகளும் கண்காட்சிகளும் ஆய்வு வெளியீடுகளாகச் சமர்ப்பிக்கப்படுகின்றன. அந்த வேலையில் ஆய்வு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் சுருக்கமான விளக்கத்தை உடன் வைக்கிறார்கள். 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பீட்டுக்கான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், பணி நியமனத்தில் ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, தனி மனிதரின் தரத்துக்கு அளவுகோலாக்க வேண்டாம் என்கிறது. வட அமெரிக்காவில் ஸ்டுடியோ சார்ந்த துறைகளில் எம்.எஃப்.ஏ. எனப்படும் நுண்கலை முதுகலைப் பட்டம் உச்சப் பட்டமாகவே நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் நிருவாகம் முனைவர் பட்டம் கட்டாயம் என்று சொன்னால், குறைந்தது 'அல்லது அதற்கு இணையான தொழில்சார் ஆய்வுப் பணி' என்ற தொடரைச் சேர்க்கப் போராடுங்கள். எது இணை என்பதையும் விண்ணப்பங்கள் வருமுன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்தபின் எழுதினால் ஏதோ ஒருவருடைய முகத்தைப் பார்த்து எழுதுவதாகிவிடும்.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாக. நான் பார்த்த பல விளம்பரங்கள் முனைவர் பட்டம், பத்தாண்டுத் தொழில் அனுபவம், உரிமம், ஆய்வு நிதி, ஐந்தாறு மென்பொருள்கள், வரலாறு, ஒளியமைப்பு, ஒலியியல், அறைகலன் வடிவமைப்பு என எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்டு, துறையின் மிகக் கீழ்ப்படியில் உள்ள பதவியை அவருக்கு வைக்கின்றன. அத்தனையும் உள்ளவர் அந்தப் பதவிக்கு வரமாட்டார். நேர்மையானவர்கள் பட்டியலைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலேயே ஒதுங்குவார்கள். அடுத்த மூன்றாண்டுகளில் இந்தத் துறையில் யாரும் நடத்த முடியாமல் நிற்கும் பாடம் எது என்று முதலில் உங்களுக்குள் பேசுங்கள். அதற்கு வேண்டிய இரண்டு மூன்று தகுதிகளைக் கட்டாயம் என்றும் மற்றவற்றை விரும்பத்தக்கவை என்றும் பிரித்து எழுதுங்கள். மென்பொருள் பெயர்களை விட்டுவிடலாம். அவை ஆசிரியரின் பணிக்காலத்துக்குள் பலமுறை மாறிவிடும். ஊதியம், வாரப் பாடவேளை, பணி நிரந்தரமாகும் வழி ஆகிய மூன்றையும் வெளிப்படையாகப் போடுங்கள்.

இனி தேர்வு நாள். அரை மணி நேர நேர்காணலில் நாம் உண்மையில் மதிப்பிடுவது ஒருவரின் பேச்சுத் திறனையும், அவர் நம்மைப் போன்றவரா என்பதையும்தான். 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகிய உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்கும் நேர்காணலும், வெறும் அனுபவ ஆண்டுக்கணக்கைவிடப் பன்மடங்கு நம்பத்தக்கவை என்று கண்டார்கள். எங்கள் துறையில் வேலையின் துண்டு எது என்பதில் ஐயமே இல்லை. அது ஸ்டுடியோ மேசை. மாணவரின் அரைகுறை வரைபடத்துக்கு எதிரே அமர்ந்து, இருபது நிமிடத்தில் அவர் அடுத்த அடியை எடுத்துவைக்கச் செய்வது.

ஆகவே மாதிரி வகுப்பு என்ற பெயரில் நாற்பது ஸ்லைடுகளை ஓட்டச் சொல்லாதீர்கள். மாணவர்களின் ஒப்புதலோடு, பெயர் நீக்கிய மூன்று ஸ்டுடியோ வேலைகளை, ஒன்று நல்லது, ஒன்று நடுத்தரம், ஒன்று தடுமாறுவது என்று, வேட்பாளரிடம் கொடுங்கள். கால் மணி நேரம் தனியே பார்க்க விடுங்கள். பிறகு இரண்டு மாணவர்களை எதிரே அமரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது கேள்வியா, சொல்வது தீர்ப்பா என்று கவனியுங்கள். தளவரைபடத்தோடு நிறுத்திக்கொள்கிறாரா, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றத்தைக் கேட்கிறாரா? கூரைக்குமேல் குழாயும் காற்றுப்பாதையும் எங்கே போகும் என்பது நினைவுக்கு வருகிறதா? மாணவரின் பென்சிலைத் தாம் வாங்கித் தம் வடிவமைப்பை வரையத் தொடங்குகிறாரா? இந்தக் கடைசிப் பழக்கம் எனக்கே முதல் சில ஆண்டுகள் இருந்தது. ஒரு மூத்த ஆசிரியர் என் கையிலிருந்து பென்சிலை மெல்ல எடுத்து மாணவரிடம் திருப்பிக் கொடுத்த நாளில்தான் விட்டேன். இதைப் பார்க்கும் மாணவர்களின் கருத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஆசிரியரோடு வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கழிக்கப்போகிறவர்கள் அவர்கள்.

இன்னொரு துண்டையும் பரிந்துரைக்கிறேன். உங்கள் கட்டடத்திலேயே ஓர் அறைக்கு வேட்பாளரை அழைத்துச் செல்லுங்கள். வேண்டுமானால் நேர்காணல் நடக்கும் அதே அறை. பத்து நிமிடம் தனியே விட்டுவிட்டு, இந்த அறையைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து எது தாங்குசுவர், எது தடுப்பு என்பார். ஒருவர் சன்னலுக்கும் கரும்பலகைக்கும் உள்ள கோணத்தைப் பார்த்து, பின் வரிசைக்குக் கண் கூசும் என்பார். ஒருவர் கதவின் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் ஒன்றும் தென்படாமல், வண்ணம் சரியில்லை என்று மட்டும் சொல்பவரும் இருப்பார். தன்விவரக் குறிப்பின் பன்னிரண்டு பக்கங்கள் காட்டாத ஒன்றை இந்தப் பத்து நிமிடம் காட்டிவிடும்.

வேட்பாளர் தம் வேலைகளைத் தொகுத்துத் தரும் போர்ட்ஃபோலியோவைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. உட்புற வேலை எப்போதும் பலர் கைபட்டது. படம் அழகாக இருப்பதற்கும் வேட்பாளரின் திறமைக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம், மறைந்திருக்கும் தொடர்பு நமக்குத் தெரியாமலும் போகலாம். வடிவமைப்பாளர் லில்லி ரெய்க் 1932-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் வடிவமைப்புப் பள்ளியில் உள்ளக வடிவமைப்புக்கும் நெசவுக்கும் பொறுப்பேற்றபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பொருட்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் கண்காட்சிகளை வடிவமைத்த நீண்ட அனுபவமும் இருந்தன. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவுடன் சேர்ந்து அவர் செய்த வேலைகள் வெகுகாலம் மீஸின் பெயரிலேயே பேசப்பட்டன. எனவே ஒவ்வொரு வேலைக்கும் கீழே 'இதில் நான் முடிவெடுத்தவை' என்று நான்கு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்த அறையின் ஒளிப்படத்தோடு வேலை நடுவில் இருந்தபோது எடுத்த படத்தையும், ஒரு நுணுக்க வரைபடத்தையும், தவறிப்போன ஒன்றைப் பற்றிய குறிப்பையும் கேளுங்கள். தன் தவற்றைப் பிசகின்றி விளக்கத் தெரிந்தவரிடம் மாணவர்களை நம்பி ஒப்படைக்கலாம்.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தபின் அவரைக் காக்க வேண்டும். தேர்வுக் குழுவின் வேலை நியமன ஆணையோடு முடிந்துவிடுகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் எந்த நிபந்தனைகளோடு இந்தப் பதவி நிரப்பப்பட வேண்டும் என்று நிருவாகத்துக்குப் பரிந்துரைக்கும் இடம் உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்டுடியோவின் பாடவேளையை விரிவுரையின் பாடவேளைபோல எண்ணும் பழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சில இடங்களில் ஸ்டுடியோவின் இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் கணக்கிடுகிறார்கள். விரிவுரைக்கு முன்தயாரிப்பு உண்டு, ஸ்டுடியோவுக்கு இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம். பதினைந்து மாணவர்களின் பதினைந்து வெவ்வேறு வடிவமைப்புகளை வகுப்புக்கு வெளியேயும் மனத்தில் சுமந்து திரிவது தயாரிப்பு ஆகாதா? முதலாண்டில் ஒரு ஸ்டுடியோ, ஒரு கருத்தியல் பாடம், இரண்டும் போதும். சேர்க்கைப் பணியும் அங்கீகாரக் கோப்பும் மூத்தவர்களின் தோளில் இருக்கட்டும். தொழிலிலிருந்து வருபவருக்கு எழுதப் பழக்கும் ஒரு வழிகாட்டியையும், ஆய்விலிருந்து வருபவருக்கு வேலைத்தளத்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டியையும் பெயர் குறிப்பிட்டு நியமிக்கச் சொல்லுங்கள். 1919-இல் வைமாரில் தொடங்கிய பௌஹௌஸின் முதல் ஆண்டுகளில் பட்டறைகளுக்கு வடிவத்துக்கு ஓர் ஆசிரியர், கைவினைக்கு ஓர் ஆசிரியர் என இருவரை வைத்தார்கள். இரண்டும் ஒருவரிடமே முழுமையாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரிடம் அதை எதிர்பார்க்கிறோம்?

தகுதிகாண் காலத்தில் அவர் அளவாகத் தொழில் செய்யவும் அனுமதி வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நோயாளியைப் பார்ப்பதை யாரும் கவனச்சிதறல் என்று சொல்வதில்லை. பணி நிரந்தரமாக எதைக் காட்ட வேண்டும் என்பதை, கட்டிய வேலைக்கும் கட்டுரைக்கும் கற்பித்தலுக்கும் என்ன எடை என்பதோடு, சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் ஒரு வேலைநாளை இழந்து, வரைபடச் சுருளையும் மாதிரிகளையும் சுமந்து, பலர் தம் சொந்தச் செலவில் வருகிறார்கள். அவர்களின் பயணச் செலவைத் துறை ஏற்கட்டும். தேர்வாகாதவர்கள் ஒவ்வொருவருக்கும், அவர்களின் எந்த வேலை குழுவுக்குப் பிடித்தது, எது போதவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அந்த டயாலிசிஸ் பிரிவை வடிவமைத்தவருக்கு அன்று நாங்கள் எதுவும் எழுதவில்லை. அவருடைய வேலையைப் பற்றி எங்களில் மூவர் தேநீர் இடைவேளை முழுவதும் வியந்து பேசினோம்; அதில் ஒரு சொல்லும் அவரைச் சென்று சேரவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஸ்டுடியோ மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்த ஓர் உள்ளகக் கட்டடக்கலைஞர்